பரீட்சை எத்தனை, படிப்பு எவ்வளவு?



ஜூன் மாதம் பிறந்தாலே நம்ம குழுக்களில் உள்கடன் கேட்கிறவங்க கூடிப்போவாங்க. ஆடு வாங்க, மாட்டுக்குத் தீவனம் வாங்க, தறி ரிப்பேர் பார்க்க என்று மற்ற மாதங்களில் கேட்பதெல்லாம் பின்னால் போய், ஸ்கூல் ஃபீஸ் முன்னால் வந்து நிற்கும். எந்த ஸ்கூலுங்க, ஏன் அந்த ஸ்கூல் என்று கேட்டுப் பாருங்க. "அங்க டெய்லி டெஸ்ட் வைக்கறாங்கக்கா, அதான்" என்று பதில் வரும். கவர்மென்ட் ஸ்கூலில் படிக்கும் பிள்ளையின் அம்மாவோ, "எங்க ஸ்கூல்ல டெஸ்டே வைக்க மாட்டேங்கறாங்க" என்று குறைப்படுவாங்க.

ஆக, டெஸ்ட் எண்ணிக்கையை வைத்துத்தான் பள்ளிக்கூடத்தை எடை போடுகிறோம். அந்த எண்ணிக்கைக்காகக் கடனும் வாங்குகிறோம். அது சரியா என்று பார்ப்பதுதான் இந்த மாதப் பாடம். படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு ஊக்குநரோ பிரதிநிதியோ கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டணும். ஒரே கூட்டத்தில் முடியாவிட்டால் இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு கணக்கு

பத்தாம் வகுப்புப் பிள்ளையை எடுத்துக்குவோம். முதல் இடைப்பருவத் தேர்வு, காலாண்டு, இரண்டாம் இடைப்பருவத் தேர்வு, அரையாண்டு, பொங்கல் முடிந்ததும் இரண்டோ மூன்றோ திருப்புதல் தேர்வு, கடைசியில் பொதுத்தேர்வு. ஏழு அல்லது எட்டு சுற்று ஆச்சு. பாடம் ஐந்து. ஏழு சுற்று என்றால் 35 பரீட்சை, எட்டு என்றால் 40. இது பெரிய பரீட்சை மட்டும்தான். காலை ஸ்பெஷல் கிளாஸில் வைக்கும் யூனிட் டெஸ்ட், ஒரு மார்க் டெஸ்ட், படித்துக் காட்டிவிட்டுத்தான் போகணும் என்று சாயங்காலம் வைக்கும் டெஸ்ட் எல்லாம் இந்தக் கணக்கில் இல்லை. டியூஷன் போகும் பிள்ளைக்கு அங்கே தனி டெஸ்ட்.

இப்ப ஆசிரியர் பக்கம் இருந்து பாருங்க. ஒரு டீச்சருக்கு இரண்டு வகுப்பு, வகுப்புக்கு 40 பேர், மொத்தம் 80 தாள். ஒரு தாளைப் படித்துத் திருத்த பத்து நிமிடம் என்று வைத்தாலும் 800 நிமிடம். பதிமூன்று மணி நேரத்துக்கு மேல். ஒரு பரீட்சைக்கு இவ்வளவு என்றால் வாரத்துக்கு ஒரு பரீட்சை வைக்கும் பள்ளியில் என்ன நடக்கும்? பாடம் நடத்தும் நேரம் குறையும், இல்லை திருத்துவது பேருக்கு நடக்கும். சரி என்று ஒரு கோடு, தப்பு என்று ஒரு கோடு, கீழே கூட்டி ஒரு நம்பர். எங்கே தப்பு, ஏன் தப்பு என்று ஒரு வரி எழுத நேரம் இருக்காது. சில இடங்களில் பிள்ளைகளே தாளை மாற்றிக்கொண்டு திருத்துறாங்க.

நாம் "டெய்லி டெஸ்ட்" என்று பெருமையாகச் சொல்வதில் பாதிக்கு மேல் இப்படித்தாங்க.

செக்கிங்கில் வேலை பார்க்கிறவங்களுக்கு இது தெரியும்

நம்ம உறுப்பினர்களில் நிறையப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போறவங்க. அங்கே செக்கிங் இரண்டு விதமாக நடப்பதைப் பார்த்திருப்பீங்க. ஒன்று, லைனில் தைத்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் வந்து பார்ப்பது. தையல் விட்டிருந்தால், ஓவர்லாக் மெஷினில் டென்ஷன் சரியில்லை என்றால், உடனே மெஷினை நிறுத்திச் சரி பண்ணிடுவாங்க. ஐந்து பீஸோடு தப்பு நின்றுபோகும். இன்னொன்று, எல்லாம் தைத்து முடித்து டேபிளுக்கு வந்தபிறகு பார்ப்பது. அங்கே நல்ல பீஸ் ஒரு பக்கம், டேமேஜ் ஒரு பக்கம் என்று பிரிக்கலாம். பிரிப்பதால் டேமேஜ் பீஸ் நல்ல பீஸ் ஆகிவிடாது.

பள்ளிக்கூடத்திலும் இந்த இரண்டும் உண்டு. பாடம் நடக்கும்போதே பிள்ளைக்கு எது புரிந்தது, எது புரியவில்லை என்று பார்த்து, அடுத்த நாள் பாடத்தையே மாற்றி நடத்துவது ஒன்று. இதை வளரறி மதிப்பீடு என்கிறார்கள். பருவம் முடிந்ததும் மொத்தமாகப் பார்த்து மார்க் போடுவது தொகுத்தறி மதிப்பீடு. தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது 1 முதல் 8ஆம் வகுப்பு வரை 100 மார்க்கை 40, 60 என்று பிரித்தார்கள். 40 வளரறிக்கு, 60 தொகுத்தறிக்கு. அடுத்த ஆண்டு 9ஆம் வகுப்புக்கும் வந்தது. பிள்ளை பாட்டுப் பாடுவது, படம் வரைந்து விளக்குவது, செய்து காட்டுவது, குழுவாகச் சேர்ந்து வேலை செய்வது எல்லாம் அந்த 40க்குள் அடங்கும்.

நல்ல ஏற்பாடுதான். நடந்தது என்னவென்றால், பல பள்ளிகளில் அந்த 40ம் இன்னொரு சின்னப் பரீட்சையாகிப் போச்சு. கடைக்குப் போய் சார்ட் பேப்பர் வாங்கி, அப்பாவோ அண்ணனோ உட்கார்ந்து ஒட்டி அனுப்பிய "செயல்பாடு"க்கு மார்க். அதைப் பதிவேட்டில் ஏற்ற டீச்சருக்குத் தனி வேலை. லைனில் நின்று பார்க்க வேண்டிய செக்கிங்கை, டேபிளில் உட்கார்ந்து பார்க்கும் செக்கிங் போலவே செய்துவிட்டோம்.

நம்ம குழுவுக்கும் தர மதிப்பீடு நடக்கிறதே, அதையும் நினைத்துப் பாருங்க. குழு ஆரம்பித்து ஆறு மாதம் கழித்து வந்து பார்ப்பாங்க. கூட்டம் ஒழுங்காக நடக்குதா, சேமிப்பு வருதா, உள்கடன் கொடுக்கறீங்களா, திரும்ப வருதா, புத்தகம் எழுதறீங்களா என்று பார்த்துத்தான் தரம் போடுவாங்க. ஒரு நாள் வந்து பார்த்தாலும், பார்ப்பது ஆறு மாதம் வாராவாரம் எழுதின தீர்மானப் புத்தகத்தை. அன்றைக்கு ஒரு நாள் எல்லாரும் ஒரே கலர் சேலை கட்டி வந்து உட்கார்ந்தால் தரம் கிடைத்துவிடுமா? புத்தகம் காட்டிக் கொடுத்துவிடும். பிள்ளைகளை மட்டும் மார்ச் மாதம் மூன்று மணி நேரத்தை வைத்து எடை போடுகிறோம்.

பரீட்சை இல்லாமலே அளந்து பார்த்த கதை

2003ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த திரு. எம்.பி. விஜயகுமார், 13 மாநகராட்சிப் பள்ளிகளில் ஒரு புது முறையைத் தொடங்கினார். ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கத்தில் ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளி நடத்தும் கிராமப் பள்ளிகளைப் பார்த்துவிட்டு வந்து செய்தது. செயல்வழிக் கற்றல் என்று பெயர். 2007-08இல் தமிழ்நாடு முழுவதும் அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் 1 முதல் 4ஆம் வகுப்பு வரை அது வந்தது. அந்த வருடங்களில் உங்க பிள்ளைகள் ஊர்ப் பள்ளியில் படித்திருந்தால் பாயில் வட்டமாக உட்கார்ந்து அட்டைகளை வைத்துப் படித்ததைப் பார்த்திருப்பீங்க. சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகள் கைக்கு எட்டுகிற மாதிரி கரும்பலகை இருக்கும்.

அதில் தனியாகப் பரீட்சை கிடையாது. பாடம் ஒரு ஏணி மாதிரி. ஒவ்வொரு படியிலும் சில அட்டைகள். படியின் கடைசி அட்டைதான் மதிப்பீட்டு அட்டை. அதைச் சரியாகச் செய்தால் பிள்ளை அடுத்த படிக்குப் போகும். தப்பாகச் செய்தால் அதே விஷயத்தை வேறு விதமாகச் சொல்லித்தரும் அட்டை கிடைக்கும். ஃபெயில் என்ற பேச்சே இல்லை. காய்ச்சலில் பத்து நாள் படுத்துவிட்டு வந்த பிள்ளை, வகுப்பு எங்கே போச்சோ என்று முழிக்க வேண்டியதில்லை. விட்ட படியில் இருந்து தொடங்கலாம். கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போகிற குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்க.

குறைகளும் இருந்தன. இரண்டு மூன்று வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில், ஒவ்வொரு பிள்ளை ஒவ்வொரு படியில் இருக்கும்போது ஒரு டீச்சர் எல்லாரையும் கவனிப்பது சிரமம். அட்டைகள் கிழிந்துபோனால் புது அட்டை சீக்கிரம் வராது. ஆனால் பெற்றோர் அதிகமாகச் சொன்ன குறை இது இரண்டும் இல்லை. "வீட்டுப்பாடம் இல்லை, பரீட்சை இல்லை, விளையாட்டாகவே இருக்குது" என்பதுதான். பரீட்சை நடப்பது கண்ணுக்குத் தெரிந்தால்தான் படிப்பு நடக்கிறது என்று நம்ம மனசுக்குத் தோன்றுகிறது.

கொரோனா முடிந்து பள்ளி திறந்தபிறகு, 2022 ஜூனில் "எண்ணும் எழுத்தும்" திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது. அடுத்த ஆண்டு 4, 5ஆம் வகுப்புகளுக்கும் விரிந்தது. பிள்ளை இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று பிரிவாக வைத்துச் சொல்லித் தருவது. பிரிக்கிற யோசனை அருமையானது. ஆனால் அந்த நிலையைக் கண்டுபிடிக்க செல்போன் செயலியில் டெஸ்ட், அதை உடனே ஏற்றணும் என்ற கட்டாயம். ஒரே செல்போனை வைத்துக்கொண்டு டீச்சர் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு விடை கேட்டு அழுத்திக்கொண்டிருந்தால் மற்ற பிள்ளைகளுக்கு யார் பாடம் எடுப்பது? நெட்வொர்க் கிடைக்காத ஊர்களில் பாடு இன்னும் மோசம். ஆசிரியர் சங்கங்கள் இதைச் சொல்லித்தான் போராட்டம் வரைக்கும் போனாங்க. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற நம்ம சகோதரிகள், "டீச்சர் எந்நேரமும் போனைப் பார்க்கறாங்க" என்று குறை சொல்லும் முன் போனில் என்ன செய்யறாங்க என்றும் கேட்டுக்குங்க.

பத்து வயசுக்குப் பொதுத்தேர்வு

2009இல் வந்த இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 8ஆம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தக் கூடாது, பள்ளியை விட்டு அனுப்பக் கூடாது என்று அதில் சொல்லியிருந்தது. 2019இல் மத்திய அரசு அதைத் திருத்தி, 5, 8ஆம் வகுப்புகளில் தேர்வு வைக்கலாம், தேறாதவர்களுக்கு மறுதேர்வு வைத்து அதிலும் தேறாவிட்டால் நிறுத்துவதா வேண்டாமா என்பதை அந்தந்த அரசுகள் முடிவு செய்யலாம் என்றது.

அதே 2019 செப்டம்பரில் தமிழ்நாடு அரசும் 5, 8ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அரசாணை போட்டது. முதல் மூன்று ஆண்டுகளுக்கு யாரையும் நிறுத்த மாட்டோம் என்று சொன்னாங்க. இருந்தாலும் பத்து வயசுக் குழந்தைக்குப் பொதுத்தேர்வா என்று ஊரெல்லாம் கேள்வி எழுந்தது. வேறு பள்ளியில் போய் உட்கார்ந்து எழுதணுமோ என்ற பயம் வேறு. ஆசிரியர்களும் பெற்றோரும் கட்சிகளும் எதிர்த்தபிறகு 2020 பிப்ரவரி 4 அன்று அரசு அதை ரத்து செய்தது. அப்போது பள்ளிக்கல்வி அமைச்சராக இருந்தவர் நம்ம பக்கத்து கோபிச்செட்டிபாளையத்துத் தொகுதிக்காரரான திரு. கே.ஏ. செங்கோட்டையன். 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் 5, 8ஆம் வகுப்புகளில் நிறுத்தி வைக்கலாம் என்று விதியை மாற்றியபோதும், தமிழ்நாட்டில் பழைய முறையே தொடரும் என்று மாநில அரசு அறிவித்தது.

"எல்லாரையும் பாஸ் போட்டுட்டே போனா ஒன்பதாவதுல வந்து எழுத்துக் கூட்டத் தெரியாம நிக்குதே" என்று நீங்க கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. ஆனால் எழுத்துக் கூட்டத் தெரியவில்லை என்பது ஐந்தாம் வகுப்பு ஏப்ரல் மாதம் பரீட்சை வைத்தால்தான் தெரியுமா? மூன்றாம் வகுப்பு டீச்சருக்கே தெரியும். வீட்டில் உங்களுக்கும் தெரியும். தெரிந்தபிறகு தனியாகக் கவனிக்க ஆள் இல்லை என்பதுதான் குறை. அதே வகுப்பில் நிறுத்தினால், அதே பாடத்தை, அதே மாதிரி, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இன்னொரு வருடம் கேட்கும். பெண் பிள்ளையாக இருந்தால் அந்த இன்னொரு வருடத்துக்கு வீட்டில் பொறுமை இருக்காது. இலங்கையில் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை என்று ஒன்று உண்டு. நல்ல பள்ளியில் இடம் கிடைக்க அது வழி என்பதால், பத்து வயசுப் பிள்ளைகள் பள்ளி விட்டதும் தனியார் வகுப்புக்கு ஓடுவது அங்கே தமிழ் வீடு, சிங்கள வீடு எல்லாவற்றிலும் நடக்கிறது. சிங்கப்பூர் இதற்கு எதிர்ப்பக்கம் நகர்ந்தது. அங்கே 2019 முதல் முதல் இரண்டு வகுப்புகளுக்குத் தேர்வே இல்லை. 2023க்குள் மற்ற வகுப்புகளிலும் வருட நடுவில் வைக்கும் தேர்வை எடுத்துவிட்டாங்க. ஆறாம் வகுப்பில் பெரிய பரீட்சை இன்னும் இருக்கிறது, அதற்கு டியூஷனும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

பத்து, பதினொன்று, பன்னிரண்டு

1978இல் மேல்நிலைக் கல்வி வந்ததில் இருந்து 10லும் 12லும் பொதுத்தேர்வு. நடுவில் இருக்கும் 11க்கு இல்லை. அந்த ஓட்டையில்தான் நம்ம கொங்குப் பக்கத்தில், முக்கியமாக நாமக்கல் சுற்று வட்டாரத்தில், ஹாஸ்டல் பள்ளிகள் வளர்ந்தன. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்தாமலே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு வருடம் நடத்துவது. காலை ஐந்து மணிக்கு எழுப்பி ராத்திரி பதினொன்று வரை படிப்பு, டெஸ்ட், மறுபடி படிப்பு. மார்க் வந்தது. இன்ஜினியரிங் காலேஜுக்குப் போன பிள்ளைகளுக்கு முதல் வருடக் கணக்கு புரியாமல் அரியர் விழுந்ததும் வந்தது.

இதை அடைக்கத்தான் 2017-18 முதல் 11ஆம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தாங்க. மொத்த மார்க் 1200 என்பதை வருடத்துக்கு 600 ஆக்கினாங்க. மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று ரேங்க் அறிவிப்பதையும் 2017இல் நிறுத்தினாங்க. ரேங்க்கை நிறுத்தியது எனக்குத் தெரிந்து நல்ல காரியம், ஆனாலும் பிளக்ஸ் போர்டு நிற்கவில்லை. 11க்குப் பொதுத்தேர்வு வைத்ததில் பலனும் உண்டு, சுமையும் உண்டு. பாடத்தை நடத்தித்தான் ஆகணும் என்றாச்சு. ஆனால் 15, 16, 17 வயசில் அடுத்தடுத்து மூன்று வருடம் பொதுத்தேர்வு. 2018லேயே, கல்லூரிச் சேர்க்கைக்கு 11ஆம் வகுப்பு மார்க் சேராது என்று அரசு சொல்லிவிட்டது. பிறகும் பரீட்சை மட்டும் தொடர்ந்தது. கடைசியில் 2025 ஆகஸ்ட் 8 அன்று மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது, 2025-26 முதல் 11க்குப் பொதுத்தேர்வு இல்லை என்று முடிவானது. ஓட்டை மறுபடி திறந்திருக்கிறது. பிள்ளையைச் சேர்க்கப் போகும் பள்ளியில் 11ஆம் வகுப்புப் பாடத்தை முழுசாக நடத்தறீங்களா என்று கேட்பது இனி நம்ம வேலை.

கொரோனா காலத்தில் நடந்ததையும் சொல்லணும். 2020இல் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தாகி, காலாண்டு, அரையாண்டு மார்க்கில் இருந்து 80 சதவீதமும் வருகைப் பதிவில் இருந்து 20 சதவீதமும் எடுத்து மார்க் போட்டாங்க. 2021இல் பன்னிரண்டாம் வகுப்புக்கு, பத்தாவது மார்க்கில் 50, பதினொன்றில் 20, பன்னிரண்டில் செய்முறை, அகமதிப்பீட்டில் 30 என்று கணக்குப் போட்டாங்க. அந்த மூன்று மணி நேரப் பரீட்சை இல்லாமலும் அந்தப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனாங்க.

எல்லாக் கோழியையும் எடை போடுவதில்லை

பல்லடத்தில் கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனி சூப்பர்வைசர் செட்டுக்கு வந்தால் அங்கங்கே சில கோழிகளைப் பிடித்து எடை போட்டு, சராசரி பார்த்து, தீவனம் சரியா, மருந்து வேணுமா என்று சொல்லிவிட்டுப் போவார். எல்லாவற்றையும் பிடித்தால் கோழி மிரண்டு, தீனி எடுக்காமல் போகும். செட் எப்படி இருக்கிறது என்று தெரிய அந்தச் சிலது போதும்.

பள்ளிகள் எப்படி இருக்கின்றன என்று அரசாங்கம் தெரிந்துகொள்ளவும் இந்த வழி இருக்கிறது. 2017, 2021இல் நடந்த தேசிய அடைவு ஆய்வு அப்படித்தான், சில பள்ளி, சில பிள்ளைகள் மட்டும். அதில் பிள்ளைக்கு பாஸ், ஃபெயில் கிடையாது. ஆனால் ஒரு பள்ளியோ டீச்சரோ எப்படி என்று சொல்ல, பத்தாவது ரிசல்ட்டையே எடுத்துப் பார்ப்பதுதான் நம்ம வழக்கமாக இருக்கிறது. நூறு சதவீதம் காட்டணும். காட்டாத தலைமையாசிரியர் மீட்டிங்கில் எழுந்து நின்று பதில் சொல்லணும்.

அப்புறம் என்ன ஆகும்? ஒன்பதாவதில் தேறாத மாதிரி இருக்கும் பிள்ளையின் அம்மாவைக் கூப்பிட்டு, "டி.சி. வாங்கிட்டு வேற ஸ்கூல் பாருங்க" அல்லது "பிரைவேட்டா எழுதிக்கட்டும்" என்று சொல்லும் பள்ளிகள் இருக்கின்றன. 2000க்குப் பின் சில வருடங்கள் நம்ம பக்கத்து நூல் மில்களில் "சுமங்கலித் திட்டம்" என்ற பெயரில் மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை, முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று ஆள் எடுத்தாங்களே, அதற்குப் போன பெண் பிள்ளைகளில் எத்தனை பேர் பத்தாவது ஃபெயிலானவங்க என்று உங்க ஊரில் நினைத்துப் பாருங்க. ஒரு பாடத்தில் போன நாலு மார்க், மூன்று வருடம் மில்லில் நின்றது.

8ஆம் வகுப்பு வரை எந்தப் பள்ளியும் பிள்ளையை வெளியே அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. ஒன்பதாவதில் டி.சி. வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால் கையெழுத்துப் போட்டுவிடாதீங்க. குழுவில் சொல்லுங்க, நாலு பேராகப் போய்ப் பேசுங்க. சரியாகாவிட்டால் 14417 என்ற பள்ளிக்கல்வி உதவி எண்ணுக்குச் சொல்லலாம், மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு மனு கொடுக்கலாம்.

மார்க்கைப் பார்க்காமல் தாளைப் பாருங்க

கணக்கில் 38 மார்க் வாங்கின இரண்டு பிள்ளைகள். ஒன்று, ஒரு மார்க், இரண்டு மார்க் கேள்விகளை மனப்பாடத்தில் எழுதிவிட்டு ஐந்து மார்க் கேள்விகளைத் தொடவே இல்லை. இன்னொன்று, ஐந்து மார்க் கணக்குகளைப் பொறுமையாகப் போட்டு நேரம் போதாமல் கடைசி இரண்டு பக்கத்தை விட்டுவிட்டது. இரண்டுக்கும் ஒரே திட்டு, ஒரே டியூஷன் என்றால் இரண்டுக்கும் பலன் இல்லை. முதல் பிள்ளைக்கு அடிப்படை சொல்லித் தரணும். இரண்டாவதுக்கு நேரம் வைத்து எழுதிப் பழகினால் போதும். ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடும்போது இந்த வித்தியாசம் தெரியாது. திருத்தின தாளை வாங்கிப் பார்த்தால் தெரியும்.

படிக்கத் தெரியாத அம்மாவும் பார்க்கலாம். தாளை விரித்து, "எந்தக் கேள்வி தெரியாம விட்டே? எது தெரிஞ்சும் தப்பாச்சு? எதுக்கு நேரம் பத்தலே?" என்று மூன்று கேள்வி கேட்டால் போதும், பிள்ளையே விரல் வைத்துக் காட்டும். அடிக்க மாட்டாங்க என்று தெரிந்தால் உண்மையாகவே காட்டும்.

வீட்டில் அளந்து பார்க்கவும் வழி உண்டு. குழுக் கடன் 10,000 ரூபாய், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. முதல் மாதம் அசல் 500 கட்டினால் வட்டியோடு எவ்வளவு, அடுத்த மாதம் வட்டி எவ்வளவு என்று பிள்ளையிடம் கேளுங்க. முதல் மாதம் 500ம் வட்டி 100ம் சேர்ந்து 600. அடுத்த மாதம் அசல் 9,500 ஆகிப்போவதால் வட்டி 95. வட்டிக் கணக்குப் பாடத்தில் முழு மார்க் வாங்கின பிள்ளையும் இரண்டாம் மாதமும் 100 என்று சொல்வதுண்டு. அப்படிச் சொன்னால் திட்ட வேண்டாம், பாஸ்புக்கைக் கையில் கொடுத்து உட்கார வையுங்க. ரேஷன் பில்லைப் படிக்கச் சொல்லுங்க. இன்றைக்குப் படித்ததைப் புத்தகம் பார்க்காமல் தங்கச்சிக்குச் சொல்லச் சொல்லுங்க. நினைவில் இருந்து எடுத்துச் சொல்லிப் பார்த்தால் பாடம் நன்றாகப் பதியும் என்று ஆராய்ச்சிகளும் சொல்கின்றன. சின்னச் சின்ன டெஸ்ட்டுக்கு இருக்கும் உண்மையான பலன் அதுதான், அதற்கு மார்க்கும் வேண்டாம், ரேங்க்கும் வேண்டாம்.

ரிசல்ட் அன்றைக்கு

மே மாதம் ரிசல்ட் வரும் நாளில் பிள்ளையைத் தனியாக விட வேண்டாம். வேலைக்கு லீவு சொல்ல முடியாதவங்க பக்கத்து வீட்டிலோ குழு உறுப்பினர் வீட்டிலோ சொல்லிவிட்டுப் போங்க. "அந்த வீட்டுப் பையனைப் பாரு" என்ற பேச்சு அன்றைக்கு எந்த வாயில் இருந்தும் வரக் கூடாது. பிள்ளை பேசாமல் முடங்கிக் கிடந்தால் 104க்கோ 14416க்கோ போன் போடுங்க, ஆலோசனை சொல்ல ஆள் இருக்காங்க, காசு இல்லை.

தேறாத பாடத்தை மட்டும் ஜூன், ஜூலையில் நடக்கும் துணைத் தேர்வில் எழுதலாம். அதில் தேறினால் அந்த வருடமே மேலே படிக்கலாம், வருடம் வீணாகாது. விண்ணப்பிக்கக் கொடுக்கும் நாட்கள் கொஞ்சம்தான், ரிசல்ட் வந்த மறுநாளே பள்ளிக்குப் போய்க் கேளுங்க. பன்னிரண்டாவதில் மார்க் குறைந்துபோச்சு என்று சந்தேகம் இருந்தால், விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்துவிட்டு மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம். இந்த ஃபீஸுக்குக் குழுவில் உள்கடன் கேட்டால் அன்றைக்கே கொடுக்கும்படி தீர்மானம் போட்டு வைத்திருக்கிற குழுக்கள் இருக்கின்றன.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்கணும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்கணும் என்று சட்டமே சொல்கிறது. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது, இந்தப் பருவத்தில் எத்தனை டெஸ்ட் வைத்தீங்க என்று கேட்டுவிட்டு அதோடு நிறுத்தாதீங்க. டெஸ்ட்டுக்குப் பிறகு எந்தப் பிள்ளைக்கு எதை மறுபடி நடத்தினீங்க என்றும் கேளுங்க.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் பிள்ளையின் திருத்தின விடைத்தாள் ஒன்று எடுத்துட்டு வாங்க. மார்க் எழுதின மூலையை மடித்து வைத்துவிட்டு, படிக்கத் தெரிந்தவங்க தெரியாதவங்களுக்கு வாசித்துக் காட்டுங்க. தாளில் என்ன தப்பு, டீச்சர் ஏதாவது எழுதியிருக்காங்களா என்று பார்த்துத் தீர்மானப் புத்தகத்தில் குறித்து, மாதக் கடைசிக்குள் கூட்டமைப்பு அலுவலகத்துக்குக் கொடுத்து அனுப்புங்க. பிள்ளை பேரும் பள்ளி பேரும் எழுத வேண்டாம், வகுப்பும் பாடமும் மட்டும் போதும்.